வேதகிரியின் இரண்டு வரி

"டெஸ்ட்டே பண்ணாம வெளிய வுட்டுடிச்சிப்பா!" போனில் தினகரன் அலறினார். "கஸ்டமர் ஆப்புல 'சேமி' பட்டனையே காணோம். டூலுக்குப் பக்கத்துல இன்னாதான் எழுதி வெச்சே?"

வேதகிரி எழுதிவைத்தது ஒரே வரி: 'வேலை முடிந்ததும் பயன்படுத்தவும்.'

ஏனாத்தூரில் தினகரன் நடத்தும் சின்னக் கம்பெனிக்கு உத்திரமேரூரில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்தான் வேதகிரி. அங்கே புரோகிராம் எழுதுவது ஒரு ஏஐ ஏஜென்ட். அதன் கையில் பத்துப் பன்னிரண்டு டூல்கள். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவதுதான் அவன் வேலை. அந்த வரியைத் தவிர ஏஜென்ட்டுக்கு வேறொன்றும் தெரியாது. எழுதி முடித்தது, வேலை முடிந்தது என்று நினைத்தது, வெளியிட்டுவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

குற்றம் வேதகிரியின் மனசு மேல்தான். அது திருப்புட்குழியில் இருந்தது. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் மாமனார் சின்னராசு வந்து தேவயானியை அழைத்துப் போய்விட்டார். இப்போது ஆவணி பிறந்தே ஆறு நாள். அவள் வரவில்லை. அவள் விட்டுப்போன கொண்டை ஊசி ஒன்று கம்ப்யூட்டர் மேஜையில் கிடந்தது. அதை எடுத்துவைக்கவும் மனசில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"நான் போயி கூட்டியாரட்டுமாம்மா?"

"நீ ஏன்டா போவணும்?" என்றாள் தாயாரம்மாள். "இட்டுக்கினு போனவங்கதான் கொண்ணாந்து வுடணும். அதான் முறை."

'மாப்பிள்ளை வந்து கூப்பிடட்டும், அதான் முறை' என்று அந்த வீட்டிலும் உட்கார்ந்திருப்பார்கள். அது அவனுக்குத் தெரியும். ஆவணி ஒன்றாம் தேதி 'ஆடி முடிஞ்சிடுச்சி' என்று அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பார்த்தான். 'ஆமா' என்று பதில் வந்தது. 'வா' என்று எழுதக் கூச்சம். அப்புறம் அவளுடைய சாட் பக்கத்தையே அவன் திறக்கவில்லை.

வெளியிடும் டூலுக்குப் புது வரி எழுதினான்: 'டெஸ்ட் முடிந்த பிறகே பயன்படுத்தவும்.' கையோடு டெஸ்ட் டூலுக்கும் ஒன்று: 'வெளியிடப்போகும்போது பயன்படுத்தவும்.'

மறுநாள் காலை மறுபடியும் தினகரன்.

"இன்னாப்பா, ராத்திரியிலேருந்து சும்மா குந்திக்கினு கீது? டெஸ்ட் முடியட்டும்னு அது நிக்கிது, வெளிய வுடட்டும்னு இது நிக்கிது. இன்னா பேஜாரா கீது!"

வேதகிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அவசரத்தில் இரண்டுக்கும் அடியில் சேர்த்தான்: 'சந்தேகம் வந்தால் வேதகிரியிடம் கேட்கவும்.'

கேட்டது. போன் டிங் என்றது. தேவயானிதான் என்று பாய்ந்து எடுத்தான். 'டெஸ்ட் ஓட்டட்டுமா?' என்றது ஏஜென்ட். ரெண்டு நிமிஷத்தில் இன்னொரு டிங். மறுபடி பாய்ந்தான். 'வெளியிடட்டுமா?' முப்பது டிங்குக்கு முப்பது தடவை அவளை நினைத்து, முப்பது தடவை ஏமாந்தான். அழுகையே வந்துவிட்டது.

"நாஷ்டாகூட துன்னாம இன்னாடா அந்தப் போனோட?" என்றாள் தாயாரம்மாள்.

யோசிக்க அவகாசம் வேண்டுமே. 'இப்போதைக்கு வேணாம், நான் சொல்றவரைக்கும் அங்கயே இரு' என்று ஒரு பதிலை எழுதி காப்பி செய்துகொண்டான். ஒரு கையில் இட்லி, இன்னொரு கையில் போன். டிங் என்றால் யார், என்ன என்று பார்க்காமலே நோட்டிஃபிகேஷனிலேயே ஒட்டு, அனுப்பு. மதியத்துக்குள் ஐம்பது அறுபது தடவை அனுப்பியிருப்பான். கட்டைவிரல் வலித்தது.

அடுத்த நாள் காலை நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினான்: 'எழுதி முடித்தவுடன் நீயே டெஸ்ட் செய். தேறினால் நீயே வெளியிடு, தேறாவிட்டால் திருத்து. வேறு யாருக்காகவும் காத்திருக்காதே.'

பத்தே நிமிஷத்தில் பட்டன் திரும்பி வந்தது.

"இத்த மொதல்லயே எழுதறதுக்கு இன்னா?" என்றார் தினகரன்.

வேதகிரி கடைசி வரியை மறுபடி படித்தான். கொண்டை ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக் சாவியை எடுத்தான்.

"டேய், முறை..." என்று பின்னாலேயே வந்தாள் தாயாரம்மாள்.

"முறையாவது ஒண்ணாவது. எனக்கு அவ இல்லாம முடியலம்மா" என்றான். சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது. அதற்குள் பைக் தெரு திரும்பிவிட்டது.

ஓரிக்கைப் பாலம் தாண்டி, காஞ்சிபுரத்து நெரிசல் தாண்டி, திருப்புட்குழி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். சின்னராசு வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நடையில் தேவயானி தெரிந்தாள். கண் வீங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் கட்டிவைத்த பெட்டி.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை அவன் ஒரே மூச்சில் சொன்னான்: "மாமா, தேவயானிய கூட்டிக்கினு போவ வந்துகிறேன். இன்னிக்கே. இப்பவே."

சின்னராசு நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மாப்ள, வெளயாடறீங்களா? முறையும் வாணாம் ஒண்ணும் வாணாம்னு நேத்து காலைல பொட்டியக் கட்டிக்கினு, 'நானே பஸ் ஏறி வந்துடட்டுமா'ன்னு உங்களுக்கு மெசேஜ் போட்டா. 'இப்போதைக்கு வேணாம், நான் சொல்றவரைக்கும் அங்கயே இரு'ன்னு அர நிமிசத்துல பதில் போட்டது நீங்கதான?"