இடது எட்டு, வலது ஏழு

கடவுள் படைத்த இந்த உலகத்தை யாராவது மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஓட்டை மாஸ்டரின் மேஜையில் போட்டிருந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'செகண்ட்ஸ்' என்று ஓரமாகத் தள்ளியிருப்பார். படைத்தவரே எதிரில் கை கட்டி நின்றாலும் தாட்சண்யம் பார்த்திருக்க மாட்டார்.

அறுபதுகளின் நடுவில், திருப்பூரில் நான் பேக்கிங் பிரிவில் இருந்த பனியன் கம்பெனிக்கு அவர்தான் செக்கிங் மாஸ்டர். தைத்து வரும் பனியனுக்குள் கையை விட்டு, ஐந்து விரலையும் விரித்து, வெளிச்சத்தில் காட்டுவார். நூல் ஒரு கண்ணி விட்டுப் போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. காதில் செருகிய காப்பியிங் பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் 'எஸ்' என்று ஊதா நிறத்தில் போடுவார். செகண்ட்ஸ் என்று அர்த்தம். தொட்டுத் தொட்டு அவருடைய நாக்கும் ஊதாவாகவே ஆகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளம் போடும் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் ஓட்டை மாஸ்டர்.

கம்பெனிக்குள் இருக்கிறவரை இது வேலை. கேட்டைத் தாண்டிவிட்டால் வியாதி. செகண்ட்ஸ் பனியனை விலை குறைத்து விற்பதுபோல, பழுதுள்ள எல்லாப் பொருளையும் விலை குறைத்துத்தான் விற்க வேண்டும் என்பது அவர் கட்சி. பழுதில்லாத பொருள் உலகத்தில் கிடையாது என்பது அவர் அனுபவம். ஆகவே அவர் எதையும் முழு விலைக்கு வாங்கியதில்லை. குடை வாங்கினால் கடைக்காரரை வெயிலில் இழுத்துவந்து விரிக்கச் சொல்லி, உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பார். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் கால்வாசி விலை குறைந்தாக வேண்டும்.

ஒருநாள் ஓட்டலில் தோசையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங், இதுல ஓட்டை இருக்குதுங்க."

ஓட்டல்காரர் பதறிப்போனார். "தோசைன்னா ஓட்டை இருக்குமுங்க மாஸ்டர்."

"அப்ப செகண்ட்ஸ்னு போர்டுல எழுதிப் போட்டு விக்கோணுமுங்க."

ஓட்டல்காரர் கல்லில் இருந்த தோசையைப் பார்த்தார், தட்டில் இருந்த தோசையைப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஊரை ஏமாற்றிவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. குழம்பிப்போய்த் தள்ளுபடியும் கொடுத்துவிட்டார்.

காலில் செருப்புக்கூடப் போடமாட்டார். எந்தச் செருப்பும் அவருடைய செக்கிங்கில் தேறவில்லை.

இப்படிப்பட்டவருக்கு என்மேல் ஒரு தனிப் பிரியம். நான் சேர்ந்த புதிதில், அவர் தேற்றி அனுப்பிய கட்டுக்குள் ஓட்டை விழுந்த பனியன் ஒன்றைப் பார்த்துவிட்டேன். முதலாளியிடம் காட்டாமல், சத்தமில்லாமல் அவர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தேன். மாஸ்டர் அந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னை வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேரில் யாருக்கு 'எஸ்' போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த வருஷம் எனக்கு ஒரு நெருக்கடி. நான் டெம்பரவரி ஆள். மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு முருங்கைத் தோட்டம் உண்டு. 'வேலை நெரந்தரமாகலீன்னா தை மாசம் ஊட்டுக்கு வந்து சேரு, காய் ஒடிக்க ஆளில்ல' என்று அப்பா சொல்லியனுப்பிவிட்டார். விவசாயத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிதான் விரோதி. ஒன்று மேலே விழுந்தால் மூன்று நாள் சொறிந்துகொண்டே இருக்கிற உடம்பு எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி ஓர் அறிவிப்புச் செய்தார். பொங்கலுக்கு மறுநாள் பனியன் கம்பெனிகளுக்குள் ஓட்டப் பந்தயம். எங்கள் கம்பெனி வாசலில் புறப்பட்டு, பாதை பிரிகிற வீரபாண்டி பிரிவைத் தொட்டுத் திரும்ப வேண்டும். நம் கம்பெனிக்குக் கப்பு வாங்கித் தருகிறவனுக்கு வேலை நிரந்தரம்.

ஓட்டம் எனக்கு வரும். கால்தான் இடைஞ்சல். சின்ன வயதில் இடது பாதத்தில் வண்டிச் சக்கரம் ஏறி, அது வலது பாதத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாகவே வளர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு அதன் அடியில் கால் ஆணி. மற்றவர்கள் வெறுங்காலில் ஓடுவார்கள். வீரபாண்டி ரோட்டில் புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லியில் நான் வெறுங்காலில் நாலடி வைத்தால் அம்மா என்று அலறுவேன். எனக்கு ஓடுகிற ஷூ வேண்டும். அதுவும் மலிவாக வேண்டும். மலிவு என்ற சொல் காதில் விழுந்ததும், கூப்பிடாமலே மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

முதலில் என் பாதத்தைச் சுற்றி இஞ்ச் டேப்பை வைத்து, பனியனுக்கு மார்பளவு எடுப்பதுபோல அளந்தார். "கால் மார்பு ஒம்பதே முக்கால்" என்று எழுதிக்கொண்டு, ஸ்டேஷன் ரோட்டில் இருந்த பாயின் பூட்ஸ் கடைக்கு அழைத்துப் போனார்.

பாய் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஷூவுல ஆறு, ஏழு, எட்டுன்னுதாங்க நம்பர். மார்பெல்லாம் இல்லீங்க" என்று சொல்லி, நாலைந்து கேன்வாஸ் ஷூக்களைப் போட்டுக் காட்டினார். கடைசியில், "தம்பிக்கு எடது காலுக்கு எட்டு, வலது காலுக்கு ஏழு. ரெண்டு ஜோடி வாங்கோணும். வேற வழியில்ல" என்றார்.

மாஸ்டர் ஷூவுக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. "உள்ள இருட்டா இருக்குதுங்க" என்றார், ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்ட குரலில்.

"ஷூவுக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சா காசே வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் பாய். தலைக்கு மேல் 'ஒரே விலை' என்று போர்டு தொங்கியது. மாஸ்டர் அந்தப் போர்டைக் கெட்ட வார்த்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இனிமேல் அந்தப் படியை மிதிப்பதில்லை என்று வழியெல்லாம் சபதம் செய்துகொண்டு வந்தார்.

எனக்கு ஒரு ஜோடிக்கே வக்கில்லை. இரண்டு ஜோடிக்கு எங்கே போவது? மாஸ்டர் தைரியம் சொன்னார்.

"இதப் பாரு கண்ணு. ஷூ பண்ற கம்பெனியிலயும் பேக்கிங்ல ஆள் இருப்பான். அவனும் என்னைக்காவது தூங்கி வழிவான். எட்டையும் ஏழையும் ஒரே ஜோடியாப் போட்டு அனுப்பியிருப்பான். அது எங்கியோ செகண்ட்ஸுல கெடக்குது. உன்ற காலும் செகண்ட்ஸு, அதும் செகண்ட்ஸு. தேடிப் புடிச்சரலாம்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மாஸ்டர் பேச்சில் அதுதான் தொல்லை. கேட்டு முடித்து, ஒரு பர்லாங் நடந்த பிறகுதான் தலை சுற்றும்.

தாராபுரம் சந்தையில் ஒருவர் கழிவு ஷூக்களைக் குவித்துப் போட்டு விற்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனோம். மாஸ்டர் குவியலுக்குள் தலையை விட்டார். கால் மணி நேரத்தில் வெற்றி முழக்கம் கேட்டது.

"நம்பரப் பாரு! ஒண்ணு எட்டு, ஒண்ணு ஏழு! நாஞ் சொன்னனா இல்லியா?"

போட்டுப் பார்த்தேன். எட்டும் இடது கால் ஷூ, ஏழும் இடது கால் ஷூ. இரண்டும் வலப்பக்கமாகவே மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தன. நான் நேராக நடந்தால் அவை என்னைக் கத்தரிக்காய்க் கடைக்கு இட்டுச் சென்றன.

"மாஸ்டர், ரெண்டும் எடது காலுங்க."

மாஸ்டர் கண்ணை மூடி வீரபாண்டி ரோட்டை நினைத்துப் பார்த்தார். "திரும்பி வர்றப்போ வளைவெல்லாம் சோத்தாங்கைப் பக்கந்தான் கண்ணு. சௌகரியமாத்தான் இருக்கும்."

"போறப்போங்க?"

"போறப்போ கழட்டிக் கையில வச்சுக்க."

அதை ஒருவழியாக விட்டுத் தொலைத்தோம். அடுத்த வாரம் இன்னொரு யோசனையோடு வந்தார். நிறம் மங்கிய எட்டாம் நம்பர் ஜோடி ஒன்று அவருக்கு எங்கேயோ சகாயமாகக் கிடைத்திருந்தது. இடது காலுக்குச் சரி. வலது கால் ஷூவை மட்டும் ஏழாக்கிவிட்டால் தீர்ந்தது.

"பனியன் துணி ரெண்டு தண்ணி பார்த்தா சுருங்குதில்ல? கேன்வாஸும் பருத்திதானே? அதும் சுருங்கித்தானே ஆகோணும்?"

இதுவும் நியாயமாகத்தான் இருந்தது. வீரபாண்டியில் எங்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பட்டறைக்குப் போய், கொதிக்கிற சோடாத் தண்ணீரில் வலது ஷூவைப் போட்டோம். மூன்று தண்ணி காட்டி, குச்சியால் எடுத்து வெயிலில் வைத்தோம். கேன்வாஸ் சொன்ன சொல் தவறாமல் சுருங்கியிருந்தது. அடியில் இருந்த ரப்பர் சுருங்கவில்லை. துணி இழுத்த இழுப்பில் ரப்பர் வில்லாக வளைந்து, ஷூவின் முனை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். "ஏனுங் மாஸ்டர், இது ஷூவுங்களா, பரிசலுங்களா?"

"சுருங்கியிருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருந்தது. எனக்குக் கனவில்கூடக் கம்பளிப்பூச்சி வர ஆரம்பித்துவிட்டது. மாஸ்டரிடம், "உங்களால ஆனதச் செஞ்சீங்க. நான் ஊருக்கே போயிடறனுங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் அவர் மேஜையில் ஓர் அசல் ஓட்டை தப்பிப்போனது. பேக்கிங்கில் நான் பார்த்து எடுத்து வைத்தேன்.

மறுநாள் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று கேன்வாஸ் ஷூ. இடது எட்டு. வலது ஏழு. இடது இடதாகவும் வலது வலதாகவும் இருந்தன. அடியில் ஊதா நிறத்தில் 'எஸ்' என்று போட்டிருந்தது.

"ஏதுங்க மாஸ்டர் இது?"

"செகண்ட்ஸு. பாதி வெல. உனக்கு ஷூ வேணுமா, வெவரம் வேணுமா?"

பாதி விலையைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். பிறந்ததிலிருந்து என் இரண்டு கால்களும் அன்றைக்குத்தான் சண்டையில்லாமல் ஒன்றாக நின்றன. சாயங்காலம் ஸ்டேஷன் ரோட்டில் போகும்போது பூட்ஸ் கடை பாய் என் காலைப் பார்த்துச் சிரித்தார். "செகண்ட்ஸுங்க, பாதி வெல" என்றேன் பெருமையாக. "அப்படியா? சரி, சரி" என்று சொல்லிவிட்டு இன்னும் பெரிதாகச் சிரித்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

பந்தயத்தன்று ஜல்லியென்ன, முள்ளென்ன, எதுவும் எனக்கு உறைக்கவில்லை. வீரபாண்டி பிரிவைத் தொட்டுத் திரும்பியபோது எனக்கு முன்னால் ஒரே ஓர் ஆள்தான். வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கம்பெனி வாசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவரையும் தாண்டிவிட்டேன். கோட்டுக்கு இருபது அடிதான் பாக்கி. கூட்டத்துக்கு முன்னால் நின்று ஓட்டை மாஸ்டர் குதித்துக்கொண்டிருந்தார்.

அவர் குதிக்கும்போது 'டப், டப்' என்று ஒரு சத்தம் வந்தது. காலைப் பார்த்தேன். செருப்பே போடாத மனிதரின் காலில் புத்தம் புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. இடது ஷூ கச்சிதமாக இருந்தது. வலது ஷூ பெரிதாக இருந்ததால் குதிகால் கழன்று கழன்று அடித்துக்கொண்டிருந்தது.

இடது ஏழு. வலது எட்டு.

எனக்கு ஓட்டம் நின்றுபோயிற்று. நிஜமாகவே நின்றுவிட்டேன். என் காலைப் பார்த்தேன், அவர் காலைப் பார்த்தேன். பின்னால் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது.

"அட, காலப் பார்க்காத கண்ணு! கோட்டப் பாரு! ஓடு!" என்று ஊதா நாக்குத் தெரியக் கத்தினார் மாஸ்டர்.

பாய்ந்தேன். ஒரு சாண் இடைவெளியில் கப்பு எங்களுக்கு வந்தது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூலனூருக்குத் தகவல் போயிற்று. கம்பளிப்பூச்சிகள் என்னிடமிருந்து தப்பித்தன.

கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டரை ஓரமாக இழுத்துப் போனேன். "ரெண்டு ஜோடியும் பாய் கடையில முழு வெலைக்கு வாங்குனீங்களா?"

"மெதுவாப் பேசு கண்ணு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் எனக்குத் தள்ளுபடி குடுப்பான்?" என்று அக்கம்பக்கம் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்குது. ரெண்டு ஜோடி, ரெண்டு ஆளு. நீ ஒரு ஜோடிக்குப் பாதி வெலதானே குடுத்த? அப்ப உனக்குத் தள்ளுபடி கெடச்சுது."

"உங்களுக்குங்க?"

மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். ஊரையே குழப்பியவர் குழம்பிப்போய் நின்றதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன். "எனக்குக் கொஞ்சம் எச்சாத்தான் செலவாயிருக்குமாட்டம் இருக்குது" என்று முனகிவிட்டு, டப் டப்பென்று நடந்து போய்விட்டார்.

அந்த ஷூவை அவர் வருஷக் கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தார். பொருந்தாத ஷூவை ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "செகண்ட்ஸுங்க, சல்லிசா வந்துது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பேக்கிங் அறையில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் 'டப், டப்' என்று கேட்டால், நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பேன். நான் எதற்கு எழுந்து நிற்கிறேன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒவ்வொரு தடவையும், பின்னால் முதலாளி வருகிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார்.