ஆணிப் பல்லில் மூன்று பூச்சி

அந்த மாதம் முழுக்கப் புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் யாருமே பல் விளக்கவில்லை. பூச்சிச் சாமியின் உத்தரவு! பிரஷ் பட்டால் பல்லுக்குள் இருக்கிற பூச்சிக்குக் கோபம் வருமாம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பேச முடியவில்லை. பூச்சியின் கோபம் தணிந்ததோ என்னவோ, ஈக்களுக்கு நல்ல கொண்டாட்டம்.

சாமி மலையாள தேசத்திலிருந்து வந்தாராம். இதோ பக்கத்துக் கேகாலையில்தான் ஏறினார் என்றான் பஸ் கண்டக்டர். கண்டக்டர் பேச்சை யார் கேட்கிறார்கள்? ஞாயிறு தோறும் கோயிலடியில் கூட்டம் நெரிந்தது. வலிக்கிற கன்னத்தில் மூங்கில் குழலை வைப்பார், கண்ணை மூடி உறிஞ்சுவார், பித்தளைத் தட்டுத் தண்ணீரில் துப்புவார். வெள்ளை வெளேரென்று பூச்சி! கூட்டம் அரோகரா போடும். கட்டணமெல்லாம் கிடையாது, காணிக்கைதான். காணிக்கை குறைந்தால் பூச்சி திரும்பி வரும், அவ்வளவுதான்.

கிருஷ்ணகுமாரிக்கும் பல்லில்தான் வினை. முன்பல் ஒன்றைச் சுற்றி ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் வந்தது. தோட்டத்திலேயே அழகான சிரிப்பு அவளுடையது என்று பேர். அந்தப் பேருக்குள் ஒரு ரகசியம் இருந்தது: அந்தப் பல் அவள் பல்லே அல்ல. குவைத்தில் ஒரு பல் டொக்டர் வீட்டில் வேலை செய்தபோது படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள். டொக்டரான வீட்டுக்கார மெடமே தாடை எலும்பில் ஓர் ஆணியைத் திருகி, அதன்மேல் பீங்கான் பல் பொருத்திவிட்டாள். தினமும் இரவில் நூல் விட்டு அதைச் சுற்றி அழுக்கெடுக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள்.

ஊர் திரும்பியவள் நூலையும் மறந்தாள், டொக்டரையும் மறந்தாள். ஆணிக்கு என்ன சொத்தை வந்துவிடப் போகிறது என்ற தைரியம். டொக்டரிடம் போனால் கட்டுன பல் என்று லயத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு. இப்போது ரத்தத்தைப் பார்த்ததும் கண்ணாடி முன்னால் நின்று பல்லை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பல் விழுந்தால் சிரிப்பும் போச்சே!

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா ரோசம்மா விடுவாளா?

"வாங்கக்கா, சாமிட்ட போவோம். எனக்கு நாலு எடுத்தாரு."

"வலி போயிருச்சா?"

"வலி இருக்குதான். பூச்சி போயிருச்சில்ல!"

"நீ வேதக்காரியாச்சே ரோசம்மா?"

"அந்தோனியாருக்கும் மெழுகுவர்த்தி வச்சிருக்கேன். எதுக்கும் ரெண்டு பக்கமும் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகுமாரியின் முறை வந்தது. சாமி குழலை வைத்தார், உறிஞ்சினார், துப்பினார். தட்டில் மூன்று.

"பாத்தியா தாயி, இதுக குட்டிங்க. தாய்ப்பூச்சி பல்லு வேர்லயே குடும்பம் நடத்துது. அடுத்த வாரம் காதுத் தோட்டைக் காணிக்கையாக் கொண்டா, எடுத்துர்றேன். அதுவரைக்கும் பல்லுல எதுவும் படக்கூடாது."

கும்பிடப் போன கை பாதியில் நின்றது. வேரா? எந்த வேர்? வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் தோடும் போகும், பல்லும் போகும். கடைசியில் மானத்தைப் போகவிட்டாள்.

"சாமி, வேர்லயாங்க இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஆழமான வேரு தாயி!"

"இதுக்கு வேரே இல்லீங்க. குவைத்துல திருகுன ஆணி. மேல இருக்கிறது பீங்கான்."

"அடியாத்தே! அது கட்டுன பல்லா?" என்று ரோசம்மா வாய் பிளந்தாள். உலகம் முழுகினாலும் அவளுக்கு அந்தக் கவலைதான்.

சாமி அசரவில்லை. "அது இரும்பு திங்கிற பூச்சி!" என்றார். "அதானே" என்று நாலு தலை ஆடியது. ஆடுகிற தலைக்கு இந்த நாட்டில் என்றைக்குப் பஞ்சம்?

கிருஷ்ணகுமாரி தட்டுக்குள் கைவிட்டு ஒரு பூச்சியை எடுத்தாள். இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தாள். பூச்சி ஒரு சாண் நீண்டது. விட்டாள். சுருக்கென்று பழையபடி ஆனது.

கூட்டம் தட்டை நெருங்கியது. அங்கே நின்ற அத்தனை பேரும் தினமும் விடிந்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள்.

"அட, நம்ம ஒட்டுப்பாலு!" என்றார் அழகமுத்து கங்காணி. மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்தெடுப்பார்களே, அதே ரப்பர்தான்.

கிருஷ்ணகுமாரி ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். "வாயக் கொப்புளிச்சிட்டு இன்னொருக்கா உறிஞ்சுங்க சாமி. அப்பவும் பூச்சி வந்தா தோட்டை இப்பவே கழட்டித் தாறேன்."

"இன்னைக்கு விரதம். வாயில தண்ணி படக்கூடாது."

கங்காணி சாமியின் தாடையைப் பிடித்துக் கன்னத்தை விலக்கினார். அடுத்து வரிசையில் நின்ற ரோசம்மாவுக்கான இரண்டு பூச்சிகள் அங்கே தயாராக ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு சாமி ஓடிய ஓட்டத்தில் குழலும் தட்டும் கோயிலடியிலேயே கிடந்தன.

மறுநாள் கிருஷ்ணகுமாரி கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டொக்டரம்மா, டொக்டர் நோனா என்பார்கள், ஈறைச் சுத்தம் செய்துவிட்டுச் சிங்களத்தில் நன்றாகத் திட்டினாள். ஆணி சொத்தையாகாதுதான், ஆனால் அதைப் பிடித்திருக்கிற ஈறும் எலும்பும் உன்னுடையவைதானே? அழுக்குச் சேர்ந்தால் எலும்பு கரையும், ஆணி கழன்று விழும். நல்ல வேளை, கரைவதற்குள் வந்துவிட்டாய். கிருஷ்ணகுமாரிக்கு அந்தத் திட்டு தேனாக இனித்தது. கட்டுன பல்லைக் காட்டியே சிரித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

லயத்து வாசலில் ரோசம்மா காத்திருந்தாள். "அக்கா, கித்துல்கலப் பக்கம் காதுப்பூச்சி எடுக்கிற சாமி ஒருத்தரு வந்திருக்காராம்!"

தினமும் தன் கையால் உரிக்கிற ஒட்டுப்பாலைத் தட்டில் பார்த்ததும் கும்பிட்ட ஊர் இது. கும்பிடுங்கள், ஐயா, வேண்டாமென்று யார் சொன்னது? கும்பிடுவதற்கு முன்னால் அதே கையால் ஒருதரம் இழுத்துப் பாருங்கள்!