நீங்க உக்காருங்க, தம்பி!

"வண்டி ஓடும்போது சோக்கை இழுக்காதேன்னு எத்தினி தபா சொல்றது மச்சான்?"

"நான் எங்க பாவா இழுத்தேன்? அதுவா நின்னுடுச்சு," என்றான் கஜபதி.

கனகம்மாசத்திரத்தைத் தாண்டி ஒரு மைல்கூட வந்திருக்காது. பரந்தாமனின் கறுப்புக் கார் இரண்டு தடவை விக்கி, ஒரு தடவை இருமி, புளியமரத்தடியில் ஓய்ந்துவிட்டது.

பரந்தாமன் மெல்லத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பரந்தாமனின் மூத்த பெண் பத்மாவைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை.

பையனின் அப்பா அம்மா போன மாதமே திருத்தணிக்கு வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பேங்க்கில் வேலை பார்க்கும் பையனுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் வந்து ஒரு தடவை தலையாட்டிவிட்டால் தை மாதம் கல்யாணம். நாலரை மணிக்கு ராகுகாலம். அதற்குள் தலையாட்டிவிட வேண்டும்.

பையன் தன் பாட்டுக்குத் திருத்தணி வந்து இறங்கியிருப்பான். பரந்தாமனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எட்டு பவர்லூம் ஓட்டுகிறவர், மூன்று மாதம் முன்புதான் கார் வாங்கியவர். வாசலில் காரை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை பஸ்ஸில் வரவிடுவதா? மனைவி கமலா ஏதோ சொல்ல வந்தாள். அதைக் கேட்க நேரமில்லாமல் மைத்துனன் கஜபதியை ஏற்றிக்கொண்டு பத்து மைல் தாண்டி எதிர்கொள்ளக் கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளையின் முகம் தெரியாதே என்பது கனகம்மாசத்திரம் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வந்திருந்தது ஒரு குரூப் போட்டோ. அதில் இருபது பேர் வரிசையாக நின்றார்கள். எந்தத் தலை என்று கமலா காட்டியபோது அவர் தறிக்கு நூல் வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் என்ன? மெட்ராஸ் பஸ் வந்ததும் ஜன்னலோரமாக நின்று கத்தினார்: "திருத்தணி பவர்லூம் பரந்தாமன் வூட்டுக்கு வர்றவரு யாருங்க?"

"நான்தாங்க," என்று எழுந்தான் பையன்.

அவ்வளவுதான். அவனை இறக்கி, மாலை போடாத குறையாகக் காரில் ஏற்றி, இப்போது புளியமரத்தடி.

"வண்டி நின்னுடுச்சுங்களா?" என்றான் பையன். "நான் கொஞ்சம் பாக்கட்டுங்களா?"

"ஐயய்யோ!" பரந்தாமன் பதறிவிட்டார். "நீங்க உக்காருங்க, தம்பி! கையில கரி பட்டா என்னாத்துக்கு ஆவறது?"

'தம்பி' என்று கூப்பிடச் சொன்னது கஜபதிதான். நிச்சயம் ஆவதற்கு முன்னால் மாப்பிள்ளை என்று வாய் தவறிக் கூப்பிட்டால் நன்றாக இருக்காதாம்.

கஜபதி பானெட்டைத் தூக்கினான். அவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதால் வீட்டில் எல்லா இயந்திரங்களுக்கும் அவனே வைத்தியன்.

"பெட்ரோல் வரலை பாவா. பைப்புல அடைப்பு." பைப்பைக் கழற்றி வாயில் வைத்து டேங்க் பக்கமாக பலங்கொண்ட மட்டும் ஊதினான். ஊதிய காற்று கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டுப் பெட்ரோலையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தது. அரை வாய் பெட்ரோலை கஜபதி குடித்தேவிட்டான்.

ஆனால் வண்டி கிளம்பிவிட்டது! பரந்தாமனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"தம்பிக்கு எத்தினி வருஷ சர்வீஸு?"

"எட்டு வருஷங்க."

"வேலை ஜாஸ்தியோ?"

"ஆங், காலையில உக்காந்தா நிமிர முடியாதுங்க."

"சீக்கிரமே பெரிய ஆளா வந்துடுவீங்க."

"மேல இருக்கறவங்க மனசு வெக்கணுங்க," என்றான் பையன் அடக்கமாக.

'என்ன பணிவு பாரு!' என்று கஜபதிக்குக் கண்ணைக் காட்டினார் பரந்தாமன். கஜபதி பெட்ரோல் ஏப்பம் விட்டான். கூடவே வண்டியும் ஒரு ஏப்பம் விட்டு நின்றது.

இந்தத் தடவை மரம்கூட இல்லை. உச்சி வெயில் தார் ரோட்டில் நெளிந்தது.

"சூடு பாவா. பெட்ரோலு பம்புல ஆவியாப் போயிடுது. ஈரத்துணி சுத்துனா சரியாப்பூடும்."

ஈரத்துணிக்கு எங்கே போவது? பரந்தாமன் அன்றைக்கென்றே பெட்டியிலிருந்து எடுத்த ஜரிகை அங்கவஸ்திரத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மகளை நினைத்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் மொண்டு வந்த கஜபதி, பம்பைச் சுற்றிய கையோடு மீதித் தண்ணீரை இன்ஜின் தலையிலேயே கொட்டினான். அதுவரை தீப்பொறியாவது வந்துகொண்டிருந்த இன்ஜின், இப்போது முனகக்கூட மறுத்துவிட்டது.

பின்னால் ஏதோ சத்தம். பையன் இறங்கி பெட்ரோல் டேங்க் பக்கமாகக் குனிந்து கொண்டிருந்தான்.

"தம்பி! வெயில்ல நிக்கறீங்களே!" கஜபதி ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தான். "இளநி சாப்புடுங்க. தோ வாங்கியாறேன்."

"இல்லீங்க, அந்த மூடியை ஒரு தபா..."

"நீங்க ஒண்ணும் மூடவும் வாணாம், தொறக்கவும் வாணாம். எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

பையன் இளநீர் குடித்தான். பரந்தாமன், தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் நனைந்த மூடியைத் தன் வேட்டி முனையால் துடைத்துத் துடைத்துக் காயவைத்தார். அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "கார்புரேட்டர்ல தூசு இருக்கும் அண்ணே, கழட்டி ஊதுங்க," என்று யோசனை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கஜபதி கழற்றினான். கார்புரேட்டருக்குள் இத்தனை சாமான் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. துண்டை விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தான். ஒரு பித்தளை ஊசி உருண்டு மண்ணில் விழுந்தது. மாமனும் மைத்துனனும் ரோட்டோரத்தில் மண்டியிட்டு முக்கால் மணி நேரம் மண்ணைச் சலித்தார்கள். ஊசி பரந்தாமனின் செருப்படியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்குரூ மிஞ்சியது. அதைக் கஜபதி பாவாவுக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியைக் கிளப்பினால், இதுவரை வரமாட்டேன் என்ற பெட்ரோல் இப்போது கார்புரேட்டரின் நாலு பக்கமும் வழிய ஆரம்பித்தது.

"மச்சான், மணி மூணரை." பரந்தாமன் வாட்ச்சைக் காட்டினார். "ராகுகாலத்துல பொண்ணைக் காட்டுனா பையனோட அப்பா ஒத்துக்குவாரா? பத்மா காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்துனு கீறா."

அவர் கண் கலங்கியதைக் கண்டு கஜபதிக்கு வீரம் வந்துவிட்டது.

"கவலைப்படாதீங்க பாவா. பைப்பும் வாணாம், பம்பும் வாணாம். நானே ஊத்தறேன்."

பானெட்டைக் கழற்றிக் காரின் கூரையில் கட்டினார்கள். கஜபதி முன்சக்கர மட்கார்டின் மேல் குந்திக்கொண்டான். ஒரு கை காரின் முன்விளக்கைப் பிடித்துக்கொள்ள, மறு கையில் சோடா பாட்டில் நிறைய, கார்புரேட்டரிலிருந்து வழிந்ததைப் பிடித்த பெட்ரோல். வண்டி தயங்கும்போதெல்லாம் அவன் இன்ஜின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்ற, சங்குப் பாலடையில் குடிக்கும் குழந்தைபோல அது குடித்துக் குடித்து ஓடியது. மேட்டில் மட்டும் பையன் இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டான். பரந்தாமன் கையெடுத்துக் கும்பிட்டு அவனை உட்கார வைத்துவிட்டு, தானே இறங்கி, ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளினார்.

திருத்தணி பஜாரில் நுழைந்தபோது கஜபதியின் முகத்தில் வெள்ளையாக இருந்தவை கண்ணும் பல்லும்தான். கிருத்திகைக்கு மலையேற வந்த கூட்டம் வழிவிட்டு நின்றது. யாரோ, "அரோகரா!" என்று குரல் கொடுத்தார்கள். பூக்கடை எல்லம்மாள், "இன்னா கஜபதி, புதுசா கார் காவடியா?" என்று கேட்டு ஒரு முழம் மல்லிகையை அவன் தோளில் எறிந்தாள்.

வீட்டு வாசலில் பாட்டிலும் காலி, வண்டியும் காலி. மணி நாலு இருபது.

"கமலா! ஆரத்தி கொண்டா! சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே பரந்தாமன் இறங்கினார்.

கஜபதி மட்கார்டிலிருந்து கீழே விழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். தடுக்க ஆளில்லாத அந்த நேரத்தில் பையன் நேராகக் காரின் பின்பக்கம் போனான். பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினான். புஸ்ஸ்ஸ் என்று வண்டி நீளமாகப் பெருமூச்சு விட்டது.

"தோ பாருங்க," என்றான், மூடியைத் திருப்பிக் காட்டி. "வண்டிக்குப் பூஜை போட்டு மூடி மேல சந்தனத்தை அப்பிட்டீங்க. காத்து போற ஓட்டை அடைச்சுகினு கீது. காத்து உள்ள போனாத்தாங்க பெட்ரோல் வெளிய வரும்." ஒரு தீக்குச்சியால் சந்தனத்தைக் குத்தி எடுத்து ஊதினான். "இது மட்டுந்தாங்க ரிப்பேரு."

பரந்தாமன் குனிந்து மூடியின் ஓட்டையைப் பார்த்தார். பிறகு வெற்றிப் பெருமிதத்தோடு, ஆரத்தித் தட்டில்லாமல் வெறுங்கையோடு வாசலுக்கு வந்த மனைவியைப் பார்த்தார்.

"பாத்தியா கமலா? பேங்க்ல இருக்கறவரு, இன்னா மூளை! இப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை கெடைக்கப் பத்மா குடுத்து வெச்சிருக்கணும்!"

கமலா அவரையும் காரையும் காவடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா உளர்றீங்க? மாப்பிள்ளை பன்னெண்டு மணி ரயிலுக்கே வந்துட்டாரு. பொண்ணைப் பாத்து, பேசி, புடிச்சுப்போயி, இப்ப மூணாவது காபி குடிச்சுகினு கீறாரு. இவரு யாரு?"

பையன் டேங்க் மூடியைத் துடைத்துப் பூட்டிவிட்டுக் கமலாவைக் கும்பிட்டான்.

"கார் நின்னு நின்னு போவுது, ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கன்னு ஒர்க் ஷாப்புக்கு லெட்டர் போட்டீங்களேம்மா, அந்த மெக்கானிக்கு நான்தாங்க. மதியத்துலேர்ந்து கேட்டுகினு கீறேன், வண்டியைத் தொடவே வுட மாட்டேங்கறாங்க!"