புள்ளிக்கு அப்புறம் மூன்றாவது எண்

“தலைவலிப் புத்தகம் எங்கேன்னு கேட்டா, குடியை நிறுத்துறது எப்படிங்கிற வரிசையைக் கை காட்டுறாங்க. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?”

கேட்டவர் பள்ளித் தலைமையாசிரியை. ஒற்றைத் தலைவலிக்காரர். இப்போது இரண்டு பக்கமும் வலிப்பது போல நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அங்க நான் நிக்கிறதை எங்க ஸ்கூல் பையன் ஒருத்தனோட அப்பா பாத்துட்டாரு. ‘பயப்படாதீங்க டீச்சர், எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது’ன்னு ஆறுதல் வேற சொல்றாரு!”

கேட்கப்பட்டவர் நூலகத்தில் சேர்ந்து மூன்று வாரமே ஆன உதவியாளர். அவருக்குத் ‘தற்காலிகம்’ என்று பெயர். மச்சான் வைத்தது. பார்த்த வேலை ஒன்றுகூட நிரந்தரமானதில்லை என்பதால் அந்தப் பெயர் மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, சரியான புத்தகத்தைத் தேடிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மருத்துவ வரிசைக்கு ஓடினார். பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்தான் அதன் முகவரி. புள்ளிக்கு முன்னால் இருப்பது ஊர் என்றால், பின்னால் வரும் ஒவ்வோர் எண்ணும் தெரு, வீடு, அறை. மருத்துவ வரிசைக்குப் புதுச் சீட்டு அச்சிடும் வேலையைப் போன வாரம் இவரிடம் கொடுத்திருந்தார்கள். கணினியில் எண்களைப் பார்த்தார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கண்ணுக்கு லட்சணமாக இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லாம் புள்ளிக்குப் பின் இரண்டே எண்ணோடு, ஒரே நாவிதரிடம் முடி வெட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. அழகில் மயங்கிச் சேமித்து, அச்சிட்டு ஒட்டி, அந்த வரிசைப்படியே அடுக்கியும் விட்டார். பழைய எண்கள் போயே போயின.

கணினி சும்மா வெட்டவில்லை. கணக்காகப் பக்கத்து எண்ணுக்குத் தள்ளியிருந்தது. 616.857 என்ற தலைவலி, 616.86 ஆகிக் குடிகாரர்கள் வீட்டுக்குப் போய்விட்டது. குழந்தை வேண்டும் என்பவர்களின் புத்தகம் வேண்டாம் என்பவர்களின் தட்டில் இருந்தது. மனச்சோர்வு, பயம், பசியின்மை மூன்றும் 616.85 என்ற ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அந்த நிமிஷம் அவருக்குள்ளும் அப்படித்தான்.

பயப்படக் காரணம் இருந்தது. அவர் சேர்ந்த அன்று சாயங்காலமே தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நூலகர் மேடத்தின் போன் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசும். ஆய்வாளர் வருவாராம். சொல்லிக்கொண்டு வரமாட்டாராம். யாரோ போல வந்து, சிரித்துப் பேசி, எல்லாவற்றையும் நோட்டம் விட்டுப் போவாராம். போன தடவை ஒரு நூலகத்தையே பூண்டோடு வீட்டுக்கு அனுப்பினாராம்.

அன்றிலிருந்து இவருக்கு யாரைப் பார்த்தாலும் ஆய்வாளராகத் தெரிந்தது. நாளிதழை முகத்தில் போட்டுத் தூங்குகிற வழுக்கைத் தலைக்காரர்? அந்தக் குறட்டையில் ஏதோ நடிப்பு இருந்தது. ஐயோ, இந்த டீச்சர்?

வீட்டில் மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள். “இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன் வீட்டு மாடிதான். பாத்துக்கோங்க.”

மச்சான் நல்லவர். சோறு போடுவார். ஒவ்வொரு கவளத்துக்கும் ஓர் அறிவுரை வைப்பார்.

முதல் யோசனை சுலபமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளேயும் மேடம் பென்சிலால் எண் எழுதியிருப்பார். அதைப் பார்த்துத் திருத்திவிடலாம். பிரித்தார். புள்ளிக்குப் பின் இரண்டு எண் வரைக்கும் முத்து முத்தான எழுத்து. அதற்குப் பிறகு, மையில் விழுந்து எழுந்த எறும்பு வீட்டுக்குப் போன தடம்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேடத்திடம் போனார். அந்த அம்மாள் இவரை முதல் நாள் மட்டும்தான் ‘தம்பி’ என்றார். மறுநாளிலிருந்து ‘சார்’. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும் ரகம் என்று இவர் புரிந்துகொண்டார்.

“மேடம், புள்ளிக்கு அப்புறம் மூணாவதா இருக்கிறது என்ன எண்?”

மேடத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. “உங்களுக்கு என்னன்னு தோணுது சார்?”

“ஏழா, ஒண்ணான்னு தெரியல.”

“ரெண்டும் சரியான எண்தான்.”

“நம்ம நூலகத்துல புள்ளிக்கு அப்புறம் எத்தனை எண் வரைக்கும் போகலாம் மேடம்?”

“தேவையான அளவுக்கு.”

“தேவையான அளவுன்னா?”

“போதுமான அளவு,” என்ற மேடம் மின்விசிறியை இவர் பக்கம் திருப்பிவிட்டார். “வேர்க்குது பாருங்க உங்களுக்கு.”

வேர்த்தது மேடத்துக்கு. விஷயம் தெரிந்துவிட்டது, வாய் விட்டுச் சொல்லாமல் கழுத்தை அறுக்கிறார் என்று இவர் புத்தகத்தோடு மெல்ல நழுவினார்.

அடுத்த யோசனை: சீட்டுகளைச் சத்தம் போடாமல் உரித்துவிடுவது. மத்தியானம், ஆள் இல்லாத நேரம், ஈரத்துணியால் முதுகுகளை நனைத்தார். சீட்டு வந்தது. கூடவே அட்டையும் வந்தது. ஆறு புத்தகங்கள் தோலுரித்த வாழைப்பழமாகக் கிடந்தபோது பின்னால் யாரோ செருமினார்கள். நூலகப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக் கொடுக்கும் பைண்டர்.

“பசை நல்ல பசைதான் சார்,” என்றார் பைண்டர். குரல் கம்மியிருந்தது.

“இல்ல, நான் சும்மா…”

“மழைக்காலத்துல கொஞ்சம் தண்ணி சேத்திருப்பேன். மறைக்கல. எனக்குக் கல்யாண வயசுல ரெண்டு பொண்ணுங்க சார்.”

இதை ஏன் என்னிடம் சொல்கிறார்? இவர், “பாவம்” என்றார். பைண்டர் ஆறு புத்தகங்களையும் வாரிக்கொண்டு ஓட்டமாகப் போனார். நேரே மேடத்தின் அறைக்கு. போட்டுக்கொடுக்கத்தான் போகிறார், வேறென்ன!

கடைசி யோசனைதான் எமனாக வந்தது. கணினியில் எல்லா எண்ணுக்கும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வை என்றார். வைத்தது. தொலைந்த எண்கள் திரும்பி வரவில்லை. காலி இடத்திலெல்லாம் சுழியம் வந்து குந்தியது. 616.860. 616.850. அச்சாகி, ஒட்டி, கை துடைத்த பிறகுதான் கவனித்தார்: பொத்தான் மருத்துவத்தோடு நிற்கவில்லை. கணினியில் இருந்த மொத்த நூலகத்து எண்களிலும் முட்டை போட்டிருந்தது.

“சார்,” என்று கவுன்டர் அக்கா வந்து நின்றார். “முதுகுல இருக்கிறது விலைன்னு நினைச்சு ஒருத்தர் பேரம் பேசுறாரு. என்ன பண்ணட்டும்?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?”

“நான் எதுவும் நினைக்கல சார்! நினைக்கிற பழக்கமே எனக்கு இல்ல!” என்று அக்கா முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து மறைந்தார். போன வேகத்தில் இவருக்கு ஒரு டீ வந்தது. பின்னாலேயே பிஸ்கட் வந்தது. மெத்தை வைத்த நாற்காலி வந்தது. மேடத்தின் சொந்த நாற்காலி.

வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. டீயைத் தள்ளி வைத்தார். மாடி, கவளம், அறிவுரை எல்லாம் கண்முன் வந்து நின்றன. இனி மறைக்க ஒன்றுமில்லை. போய்க் காலில் விழுந்துவிட வேண்டியதுதான்.

மேடத்தின் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே மேடம், பைண்டர், கவுன்டர் அக்கா, மூவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றார்கள்.

“எல்லாத் தப்பும் என்னோடதுதான் மேடம்,” என்றார். “எண்களையெல்லாம் நான்தான் கெடுத்தேன். சீட்டை உரிச்சதும் நான்தான். பசை மேல குத்தமில்ல.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடத்தின் கண் கலங்கியது.

“எங்களுக்காக நீங்க பழியை ஏத்துக்க வேணாம் சார்,” என்றார் மேடம். “மூணாவது எண் எனக்கு எந்தக் காலத்துலயும் புரிஞ்சதில்ல. அதான் கிறுக்கி வெச்சேன். பெரிய மனசு உங்களுக்கு.”

இவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வி கேட்டால் இந்தக் கட்டடத்தில் ஒருவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்களா?

“அதெல்லாம் இருக்கட்டும். கையெடுத்துக் கும்பிடுறேன், ஒண்ணே ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. அந்த ஆய்வாளர் எப்ப வர்றாரு?”

மேடம் தரையைப் பார்த்தார். பைண்டர் மேடத்தைப் பார்த்தார். கடைசியில் கவுன்டர் அக்காதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

“வந்து மூணு வாரமாச்சு சார். நீங்க எப்பக் கெளம்புவீங்கன்னு கேக்கத்தான் எங்கள்ல யாருக்கும் தைரியம் வரல.”