ரோகிணியோட லேப்டாப்பும் ஒரு டப்பா லேகியமும்

செங்கல்பட்டு,
ஞாயித்துக்கெழம காலைல.

மரியாதைக்குரிய மச்சான் கோதண்டராமன் அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் தீனதயாளன் வணக்கத்தோட எழுதுறது. இங்க நானும் ரோகிணியோட லேப்டாப்பும் சௌக்கியம். கடப்பாக்கத்துல நீயும் அத்தையும் உன் வேனும் சௌக்கியமா இருக்கணும். போன்ல பேசுனா நீ அழுவுற, நான் சிக்னல் இல்லன்னு வெச்சிடுறேன். அதான் லெட்டரு.

விஷயம் இன்னான்னா, நீ குடுத்தனுப்புன லேகியத்த இதோட திருப்பி அனுப்புறேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல மச்சான். ரோகிணி போயி ஆறாம் மாசம் படைக்க வந்தப்ப அவ லேப்டாப்பப் பாத்து, இன்னா மாப்ள இது, பாசி மாரி ஆடிகினு கீதுன்னு கேட்ட. ஆண் ஹார்மோன் ரிசப்டாரு மச்சான், தொள்ளாயிரத்துச் சொச்சம் அமினோ ஆசிட் கோத்த மாலை, ஹார்மோன் சாவின்னா இது பூட்டு, ஒண்ணே ஒண்ணு மாறுனா கூட சில சமயம் பொருந்தாது, ஹார்மோன் இருந்தும் ஒடம்புக்குக் கேக்காதுன்னேன். நீ என் தோள்ல கை வெச்சி, "இதெல்லாம் சகஜம் மாப்ள, வெளிய சொல்லிக்காத"ன்ன. நான், அவ போனதப் பத்திதான் நீ சொல்றன்னு நெனச்சி தலையாட்டிட்டேன். அது ரோகிணியோட ஆராய்ச்சி மச்சான், என் ரிப்போர்ட்டு இல்ல. நீ அத்தை கிட்ட சொல்லி, அத்தை திருக்கழுக்குன்றத்து வைத்தியர் கிட்ட சொல்லி, எனக்குப் பாத்துகினு இருந்த பொண்ணு வூட்டுக்கும் சேதி போயி அவுங்க வேணாம்னுட்டாங்க, அதுல எனக்கு நிம்மதிதான். ஆனா அத்தை, "என் பொண்ணு வாயத் தொறந்து சொல்லாமயே போய்ட்டாளே"ன்னு அழுவுதாமே. அப்டி ஒண்ணுமில்லன்னு நீதான் பக்குவமா சொல்லணும். எப்டி சொல்லுவன்னு எனக்குத் தெரியல.

நெசமான கோளாறு வேற. அந்த மாலைல 878-வது எடத்துல த்ரியோனின் போயி அலனின் வந்துட்டா, பூட்டு கண்ட சாவிக்கும் தொறக்கும்னு ரோகிணி சொல்லுவா. புராஸ்டேட் கேன்சர்ல, அடைக்கக் குடுக்குற மருந்துலயே ஒண்ணு ரெண்டு அதத் தொறந்து வுட்ருமாம். என் மனசுப் பூட்டும் அப்டி ஆயிட்ச்சி. பக்கத்து வூட்டு குக்கர் கத்துனா நான் போயி அடுப்ப அணைக்கிறேன். எங்க அடுப்பு ஆறு மாசமா எரியல. சிறுசேரி ஆபீஸ் வேன்ல ஏசி சத்தத்துக்கு "ம், சொல்லு"ன்றேன், பக்கத்துல ஸ்டான்லி அவன் மாமியாரப் பத்தி சொல்ல ஆரம்பிக்கிறான். மறக்கட்டும்னு நீ அனுப்புன பொண்ணு போட்டோல பின்னாடி மகாபலிபுரம் கடலுதான் எனக்குத் தெரிஞ்சுது. அங்கதான் அன்னிக்கு ஒரு கொலுச அலை எடுத்துகினு போயி, ஒத்தக் கொலுசோட ரோகிணி சிரிச்சிகினு நின்னா.

ஆஸ்பத்திரி போற அன்னிக்கு அவ தட்டிவுட்ட வேல லேப்டாப்புல இன்னும் ஓடிகினு கீது, அந்த மாலைல ஒவ்வொரு எடமா மாத்தி மாத்திப் பாத்துகினு. அதோட ஃபேன் சத்தம் உங்க ஊரு கடல் மாரியே. அதக் கேட்டாதான் தூக்கம் வருது. அவ லேப் திவ்யா மேடம் திங்கக்கெழம திருப்பித் தந்துடணும்னாங்க. நியாயம்தான். நாளைக்கு அணைச்சி, தொடச்சி, குடுத்துட்றேன். சத்தியமா.

அத்தைக்கு என் கும்பிடு. வேன மெதுவா ஓட்டு. மல மேல கீற வேதகிரீஸ்வரர் உங்க ரெண்டு பேரையும் அங்கேர்ந்தே பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
ஒடம்புல ஒரு கொறையும் இல்லாத
தீனதயாளன்

பின்குறிப்பு: கையெழுத்து போடும்போதே லேப்டாப்புல வேல முடிஞ்சிடுச்சி. ஃபேன் நின்னுட்ச்சி. வூடு அப்டி ஒரு அமைதி மச்சான். 'மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டவா'ன்னு கேட்டுது. ஆமான்னு அமுக்கிட்டேன். திவ்யா மேடம் உனக்கு போன் பண்ணா, மாப்ளைக்கு ஒடம்பு சரியில்ல, வைத்தியம் நடக்குதுன்னு சொல்லிடு. லேகியத்த நானே வெச்சிக்கிறேன்.