ரெஜினாவின் அண்ணன் இருந்த இடம்

தெரியாத ஆங்கில வார்த்தை காதில் விழும்போது, என்ன அர்த்தம் என்று கேட்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். நான் தலையாட்டுகிற ரகம். அரூரில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பெங்களூருக்கு வந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சேர்ந்த முதல் வருஷம் நான் ஆட்டிய ஆட்டுக்குக் கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும். (கூடவே "ஓகே சார்" என்று வேறு சொல்லித் தொலைப்பேன்.) கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம்தான் போயிற்று.

ரெஜினா அதே கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். லிங்கராஜபுரத்துத் தமிழ் கத்தோலிக்கப் பெண். கம்பெனி பஸ்ஸில் எனக்கு சீட் பிடித்து வைப்பதில் ஆரம்பித்த பழக்கம், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிற அளவுக்கு வந்திருந்தது. ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள்: "எனக்கு ஒரே அண்ணன், அருள். செமினரில இருக்கான்."

எனக்குத் தெரிந்தது செமிட்ரி. எங்கள் பஸ் தினமும் ஒரு கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போகும், அங்கே இறங்குகிறவர்களை டிரைவர் "செமிட்ரி, செமிட்ரி!" என்று கத்தித்தான் எழுப்புவார். செமினரி என்று இன்னொன்று இருக்கிறது, பாதிரியார் ஆகப்போகிறவர்கள் அங்கே தங்கிப் படிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

"எத்தனை வருஷமாச்சு?"

"பத்து வருஷம். ஆண்டவர் கூப்பிட்டாரு, போயிட்டான். அப்பாதான் ரொம்ப அழுதாரு. அம்மா, சாமிக்குக் குடுத்துட்டோம்னு மனசத் தேத்திக்கிட்டாங்க."

(நீங்களே சொல்லுங்கள், இதில் என் தப்பு என்ன?)

"போய்ப் பார்ப்பீங்களா?"

"கிறிஸ்மஸ் சமயத்துல போவோம். அம்மா கேக் செஞ்சு எடுத்துட்டு வருவாங்க."

போய்ச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் வடை வைத்துக் கும்பிடுகிறோம், இவர்கள் கேக் வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள், "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க" என்றாள். "நீங்க இந்துன்னு அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஆனா அண்ணன்னா உசுரு. அவனப் பத்தி நாலு வார்த்தை நல்லா பேசுங்க, உருகிடுவாங்க."

பேசுவது மட்டும் போதாது என்று தோன்றியது. நல்லதாக ஒரு சந்தன மாலை வாங்கினேன்.

அவர்கள் வீட்டு ஹாலில் இயேசு படத்துக்குப் பக்கத்திலேயே அண்ணனின் போட்டோ. வெள்ளை அங்கி, சாந்தமான முகம், கீழே சின்னதாகச் சிவப்பு பல்பு. இனி என்ன சந்தேகம்? செருப்பைக் கழற்றியவன் உட்காரக்கூட இல்லை. நேராகப் போய் போட்டோவுக்கு மாலையைப் போட்டேன், கண்ணை மூடி நின்றேன், பிறகு அவள் அம்மா பக்கம் திரும்பினேன்.

"அழாதீங்கம்மா. நல்லவங்களத்தான் ஆண்டவர் சீக்கிரமா கூப்பிட்டுக்கறாரு. இனிமே என்னைய உங்க மூத்த புள்ளையா நெனச்சுக்குங்க."

அதுவரை அந்தம்மா அழவில்லை. அப்போதுதான், என்னைப் பார்ப்பதற்காகவே லீவு வாங்கிக்கொண்டு முந்தின நாள் வந்திருந்த நிஜ மூத்த பிள்ளை, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி உள்ளேயிருந்து வந்தார். நான் "ஐயோ!" என்று அலறிவிட்டேன். வரவேற்கிற விதமா அது?

அருள் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செமிட்ரின்னு நெனச்சுட்டீங்களா?" சிரித்தது அவர் ஒருவர்தான். அவள் அம்மா மாலையைப் பிடுங்கி எறிந்தார்.

"குருப்பட்டம் வாங்கி ஃபாதராக இன்னும் மூணு மாசம்கூட இல்ல. உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலையப் போட்டுட்டானே, சேசுவே!"

அபசகுனம் என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்தார்கள். வேறு மதத்துப் பையன் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். பாவம், அந்தக் கஷ்டத்தை நானே போய்த் தீர்த்துவைத்தேன். திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு சீட் இல்லை. இறங்கும்போது ரெஜினா கேட்டாள்: "பத்து தடவையாவது அண்ணனப் பத்திப் பேசியிருப்பேன். புரியலன்னா கேக்கறதுக்கென்ன? எங்கிட்டகூடவா வெக்கம்?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் அம்மா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அந்தக் கேள்வியை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, இரண்டு பெண்கள். என் மனைவி கலா வியாழக்கிழமைதோறும் விவேக் நகர் சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். (இந்த ஊரில் இந்துக்களும் போவது சகஜம்.) ஒரு வியாழன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வந்தாள். வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒரு ஃபாதர், தான் உயிரோடு இருக்கும்போதே தங்கச்சியைக் கட்டிக்க வந்தவன் தனக்கு மாலை போட்ட கதையைப் பிரசங்கத்தில் சொன்னாராம். புண்ணியவான், பேரைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு இந்தக் கதையும் உண்டு. பெண்கள் இரண்டு பேரும் நடித்தே காட்டுவார்கள். "நல்லவேளை, அந்தப் பொண்ணு தப்பிச்சா!" என்று கலா முடிப்பாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் என் பக்கம் திரும்புவாள்.

"ஏங்க, நீங்க மட்டும் ஏன் உம்முன்னு இருக்கீங்க? செமினரின்னா என்னன்னு இன்னும் புரியலையா?" என்று கேட்டு, வந்தவர்களுக்கு முன்னால் எனக்கு நிதானமாக அர்த்தம் சொல்லிக்கொடுப்பாள்.