கப்பல் அங்கிளும் வலப்பக்கச் சீட்டும்

உலகத்தில் இதுவரை செய்யப்பட்டவற்றில் ஒன்றே ஒன்றுதான் கார், மற்றவை எல்லாம் சில்லுப் பூட்டிய சோற்றுப்பெட்டிகள் என்று கப்பல் அங்கிள் நம்பினார். நம்பியதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தார். பிறந்தநாள் வீட்டில் சொன்னார், செத்தவீட்டில் சொன்னார், பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்தபடியே வைத்தியருக்கும் சொன்னார். அந்த ஒரே கார் அவருடைய கராஜில்தான் நின்றது.

பிள்ளைகளே, நீங்கள் அவரைக் கண்டால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்கவேண்டிய ஆள்தான். ஆனால் முழுவதையும் தெரிந்துகொண்டு சிரியுங்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அது அவர் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் செய்யப்பட்ட கார். பிஸ்தாப் பச்சை நிறம். பின்பக்கம் சுறாவுக்கு இருப்பதுபோல இரண்டு செட்டைகள். முன்பக்கத்துக் குரோமில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். நீளம் எவ்வளவென்றால், முன்சில்லு எங்கள் வீட்டைத் தாண்டும்போது பின்சில்லு இன்னும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் மெல்பேர்னில் எங்கள் தெருவிலுள்ள தமிழர் எல்லோரும் அதைக் கப்பல் என்றோம், அவரைக் கப்பல் அங்கிள் என்றோம். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மன்னார்ச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும்.

கப்பல் கராஜுக்குள் அடங்கவில்லை. சாதாரண மனிதன் என்றால் காரை விற்றிருப்பான், இல்லாவிட்டால் வெளியில் விட்டிருப்பான். அங்கிள் சுவரை இடித்தார். கராஜுக்கு அடுத்தது குசினி. அன்றிலிருந்து காரின் மூக்கு குசினிக்குள் வந்துவிட்டது. அங்கிளின் மனைவி திரேசா அன்ரி வெங்காயம் வெட்டும்போது இரண்டு பெரிய விளக்குகளும் அவவை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் அன்ரி பாத்திரம் துடைக்கும் துணியைப் பம்பரில் காயப்போட்டுவிட்டா.

"திரேசா, குரோம் மங்கும்! எடும் அதை!"

"என்ர குசினிக்குள்ள வந்து நிக்கிறது அது. வேணுமெண்டா அதை எடுங்கோ."

அங்கிள் எடுக்கவில்லை. துணியை எடுத்தார்.

என்னுடைய ஜப்பான் காரைக் காணும்போதெல்லாம் அவருக்கு ஒரு புதிய வசை பிறக்கும். "தம்பி, போனெற்றைத் திறந்தா இஞ்சின் தெரியவேணும். உம்மடையில பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது. சவப்பெட்டிக்கும் மூடி இருக்கு, அதுக்காக அதைக் காரெண்டு சொல்லேலுமோ?" மின்சாரக் கார் என்றால் இன்னும் மோசம். "சத்தம் போடாமப் பின்னால வாறவனை ஊரில கள்ளன் எண்டுதான் சொல்லுறது." அவருடைய கார் ஏற்றத்தில் புகைந்தால் மட்டும் பேச்சு மாறும். "அது கொதிக்கேல்லை. மூச்சு விடுது."

புதிய ரயர் போட்டாலும் புதிய பெல்ற் போட்டாலும் காரை த பேசின் என்ற புறநகரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோவார். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, தேங்காய் உடைத்து, பம்பருக்குச் சந்தனம் பூசுவிப்பார். துணி பட்டால் மங்கும் குரோமைச் சந்தனம் மட்டும் ஒன்றும் செய்யாது. அங்கிளின் குடும்பமோ மூன்று தலைமுறை வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். அன்ரி காருக்குள் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பா.

"நீங்கள் வேதம் அல்லோ அங்கிள்?" என்று கேட்டேன்.

"நான் வேதம். கார் சைவம்."

"அமெரிக்காக் கார் எப்பிடி அங்கிள் சைவம்?"

"அது பெற்றோல்தானே குடிக்குது. மச்சம் மாமிசம் தின்னுறதைக் கண்டனீரோ?"

இந்த ஆளோடு வாதாடி வென்றவர் இல்லை.

ஆனால் ஒரேயொரு இடத்தில் அவர் இன்னொருவர் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். அமெரிக்கக் காருக்கு ஸ்ரியரிங் இடப்பக்கம். நாங்களோ றோட்டிலும் இடப்பக்கமாகவே ஓடுகிற நாட்டுக்காரர். ஓட்டுபவர் புல்லோரத்தில் குந்தியிருப்பார். முன்னால் லொறி போனால் அதற்கு அப்பால் என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. வலப்பக்கச் சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். அது அன்ரியின் வேலை. "வரலாம்" என்றால் முந்துவார். "நில்லுங்கோ" என்றால் நிற்பார். கார்த் தரிப்பிடத்தில் ரிக்கற்றை இழுப்பதும், காரில் இருந்தபடியே கோப்பி வாங்குமிடத்தில் கை நீட்டுவதும் அன்ரிதான். வீட்டில் அன்ரி சொன்ன எதையும் கேளாத மனிதர், றோட்டில் அவவின் ஒரு சொல்லுக்கு உயிரைக் கொடுத்து ஓட்டினார்.

எங்கள் ஆட்களின் கலியாணம் எதுவென்றாலும் கப்பல் வரவேண்டும். கலியாணப் பொம்பிளையை ஏற்றி இறக்க அவர் ஒரு சதம் வாங்கமாட்டார். எத்தனை வீட்டுக் கலியாண அல்பங்களில் அந்தப் பச்சைக் கார் இருக்கிறது தெரியுமா? கார் இருக்கும், அங்கிள் இருக்கமாட்டார். "அங்கிள், ஒருக்காத் தள்ளி நில்லுங்கோ" என்று படம் எடுப்பவர் சொல்லுவார். அவரும் தள்ளி நிற்பார். ஆட்கள் தொடுவார்கள் என்ற பயத்தில் காரை விட்டு மண்டபத்துக்குள் போகவும் மாட்டார். யாராவது ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் மறந்துபோவார்கள்.

அவர் அந்தக் காரை வாங்கியதே ஒரு கலியாணத்துக்காகத்தான். மகள் ஜெனியை அதில் ஏற்றிக்கொண்டு தேவாலய வாசலில் இறங்கவேண்டும், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஜெனி பால்பல்லு விழாத வயதிலேயே இந்தத் திட்டம் போட்டாயிற்று.

ஜெனி இங்கே பிறந்த பிள்ளை. கலியாணம் நெருங்கியபோது கேட்டாள். "அப்பா, ப்ளீஸ். ஜஸ்ட் எ நோர்மல் கார்."

"நோர்மல் காரில நோர்மல் பிள்ளையள் போகட்டும்."

அவள் கடைசியில் இரங்கினாள். "ஓகே. பட் அது இடையில நிண்டா, நான் வேற கார்ல ஏறிடுவன். ப்ரொமிஸ்?"

"அது நிக்காது," என்றார் அங்கிள். ப்ரொமிஸ் என்று சொல்லவில்லை. அந்தக் கார் எங்கள் எல்லோரையும்விட உறுதியானது என்று அவர் நினைத்திருந்தார்.

கலியாணம் மாசி மாதம், இங்கே நடுக்கோடை. தார் உருகும் வெயில். பிறீவேயில் வீதிவேலை, வாகனங்கள் அட்டைபோல ஊர்ந்தன. கப்பலுக்குப் பின்னால் என் கார். நீங்கள் இருவரும் பின்சீட்டில் பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று முன்னால் வெள்ளைப் புகை. கப்பல் கரை ஒதுங்கியது.

நான் ஓடிப்போனபோது அங்கிள் போனெற்றைத் திறந்து, ஈரத்துணியோடு நின்றார். "பத்து நிமிசம் தம்பி. மூச்சு விடுது."

ஜெனி இறங்கினாள். வெள்ளை உடுப்பின் விளிம்பு தாரில் பட்டுக் கறுத்தது. என் காருக்குள் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு அவளை ஏற்றினோம், அன்ரியும் ஏறினா. ஜெனி கதவைச் சாத்தாமல் தகப்பனைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்களும் வாங்கோ. காரை விட்டிட்டு வாங்கோ."

"றோட்டில தனிய விட்டிட்டு வர ஏலாது பிள்ளை. லொறிக்காரன் இடிச்சுப்போட்டுப் போவான்."

"இழுக்கிற லொறியைக் கூப்பிடுவம் அங்கிள்," என்றேன்.

"என்ர காரைக் கொழுவி இழுக்கிறதோ? பிரேதத்தைத்தான் தம்பி மற்றவை கொண்டுபோறது."

ஜெனி திரும்பவும் கேட்டாள். குரல் சிறுத்துப்போய் இருந்தது. "அப்ப என்னை ஆர் அப்பா உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

"நீ முன்னால போ. ஆறினவுடன நான் வந்திடுவன்."

அவள் தேவாலய வாசலில் காத்து நின்றாள். பங்குச் சுவாமியார் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு இன்னொருமுறை வந்து, அடுத்த கலியாணக்காரர் வந்துவிட்டார்கள் என்று மெல்லச் சொன்னார். அன்ரி மகளின் கையைப் பிடித்தா. இருவரும் உள்ளே நடந்தார்கள்.

எல்லாம் முடிந்து பொம்பிளை மாப்பிள்ளை வெளியே வந்து, ஆட்கள் பூத் தூவிக்கொண்டிருக்கும்போதுதான் தெருமுனையில் அந்த ஹோர்ன் கேட்டது. அங்கிள் கையை அசைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் கைதட்டுவோம் என்று நினைத்திருக்கவேண்டும். காரில் ஒரு பொட்டு அழுக்கில்லை. முன்னால் கட்டியிருந்த ரிப்பன் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. அதை நேராக்கவும் அவர் நேரம் எடுத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜெனிக்கும் தெரிந்தது. அவள் மாப்பிள்ளையின் சிநேகிதனுடைய காரில் ஏறிப் போய்விட்டாள்.

அன்று மண்டபத்தில் அவரைப் பற்றி முதலில் வாய் திறந்தவர்கள், அவருடைய காரில் ஓசியில் ஊர்வலம் போனவர்கள்தான். "விசர் மனிசன்" என்றார்கள். சோறு நல்ல ருசி என்றும் சொன்னார்கள். அவருக்குத் தட்டுக் கொண்டுபோகப்போவது யாரென்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் போகவில்லை. கடைசியில் உங்கள் அம்மா கொண்டுபோனா.

ஏன் காரை விட்டுவிட்டு வரவில்லை என்று அவரிடம் நான் கேட்டேன். அவருக்கு அதற்கும் ஒரு கொள்கை இருந்தது. "கார் நிண்டது, நானும் நிண்டனான். கூட வந்ததை நடுவழியில விட்டிட்டு ஓடுறவனோ நான்?"

மகள் கூட வந்தவள் இல்லையா என்று கேட்க என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டாலும் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஜெனி கலியாணம் கட்டிச் சிட்னியிலுள்ள நார்த்மீட்டுக்குப் போனாள். தகப்பனோடு பேச்சில்லை. அன்ரியும் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டா. சோறு மேசைக்கு வரும், சொல் வராது. ஆனால் காரில் ஏறினால் வலப்பக்கச் சீட்டு வேலை இருக்கிறதே? பேசாமல் இருந்தால் எதிரில் வருகிறவரோடு சேர்த்து மூன்று பேர் சாகவேண்டி வரும். ஆகவே காரில் மட்டும் அன்ரி பேசினா. "வரலாம்." "நில்லுங்கோ." "லொறி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு த பேசினுக்குப் போனேன். பின்சீட்டில் இருந்து பார்த்தேன். அங்கிள் காரணமில்லாமல் முந்தினார். சைக்கிளை முந்தினார், நிறுத்திவைத்த குப்பை லொறியை முந்தினார். கோயில் கிட்டும்போது றோட்டு வெறுமையாக இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"திரேசா, முந்தலாமோ?"

அன்ரி எட்டி வெளியே பார்த்தா. "முன்னால ஒண்டுமில்லை," என்றா.

அதைக் கேட்டதற்கே அவர் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் கண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜெனிக்குக் குழந்தை பிறந்தது. அன்ரி உதவிக்கென்று சிட்னிக்குப் போனா, அங்கேயே தங்கிவிட்டா. வலப்பக்கச் சீட்டு காலி. அதற்குப் பிறகு அங்கிள் இடப்பக்கம் மட்டுமே திரும்பிப் போகக்கூடிய இடங்களுக்குப் போனார். அப்படிப் போனால் எங்கே போய்ச் சேரலாம்? தெருவைச் சுற்றித் தன் வீட்டுக்குத்தான்.

பிறகு அன்ரி எனக்குப் போன் எடுத்தா. "தம்பி, பேத்திக்கு ஞானஸ்நானம். அவர் வாறதெண்டா வரட்டும் எண்டு ஜெனி சொல்லுறா. கார் வரவேண்டாமாம். அவர் மட்டும்."

போய்ச் சொன்னேன். அங்கிள் துள்ளி எழுந்தார். "தம்பி, நீர் வலப்பக்கம் இரும். நாளைக்கே வெளிக்கிடுவம். மெல்பேர்னில ஏறினா சிட்னியிலதான் இறங்கவேணும். அவளின்ர வாசலில கொண்டுபோய் நிப்பாட்டி, பார் பிள்ளை, நிக்காம வந்தது எண்டு காட்டவேணும்."

"அவவுக்கு அதைப் பாக்க விருப்பமில்லை அங்கிள். உங்களை மட்டும்தான் வரச்சொன்னவ."

"பிளேனிலயோ? ஓட்டுறவன்ர முகத்தையே காட்டாத வண்டியிலயோ?"

"நான் வலப்பக்கம் இருக்கமாட்டன் அங்கிள்."

அவர் கதிரையில் இருந்தார். குசினிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற காரைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய் அன்ரியின் கட்டில் விரிப்பை எடுத்துவந்து காரின் விளக்குகளை மூடினார். விமானத்தில்தான் போனார்.

திரும்பி வந்த அன்று விமானநிலையத்துக்கு நான் என் காரில் போனேன். அவர் இடப்பக்கம் ஏறினார். நான் சிக்னலில் நிறுத்தும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் அவருடைய கால், அங்கே இல்லாத பிறேக்கைத் தேடி மிதித்தது.

"எப்பிடி அங்கிள்? ஜெனி கதைச்சவவோ?"

"பேத்தியைத் தூக்கத் தந்தவ."

"அதுதானே! என்ன சொன்னவ?"

"தலையைப் பிடியுங்கோ எண்டு சொன்னவ." பிறகு, "திரும்ப எப்ப பிளேன் எண்டும் கேட்டவ," என்றார்.

"அன்ரி?"

"அவ அங்கதான் இருக்கப்போறாவாம்."

முன்னால் ஒரு மின்சாரக் கார் சத்தமில்லாமல் குறுக்கே வெட்டிப் போனது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் டாஷ்போர்ட்டில் ஒரு விளக்கு எரிந்து அணைந்தது, ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. அவரைக் கிண்டிப் பார்த்தேன்.

"என்ர காரைப் பற்றி இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையே அங்கிள்?"

அவர் வெளியே பார்த்தபடி கதவை ஒருமுறை தட்டினார்.

"நல்ல கார் தம்பி. நிக்காமப் போகுது."

பிள்ளைகளே, அவர் வாயிலிருந்து நான் கேட்ட வசைகளில் அதுபோல ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. அவருடைய வீட்டுக்குத் திரும்பும் முடக்கு வந்தது. ஆளில்லாத வீட்டில் அவரை இறக்க மனமில்லை; நான் திருப்பாமல் நேரே ஓட்டினேன், ஏன் என்று அவரும் கேட்கவில்லை.